எந்த எஞ்சின், யாருடைய பந்தயம்?



மாதம் ஒன்றாக நாம் எழுதிவரும் வரலாற்றுப் பதிவு இம்முறை கரைப்பக்கம் வருகிறது. கொஞ்சம் நீளம்தான். ஒரு பிளேன்டி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

சுபஹுத் தொழுகை முடிந்து கடற்கரைக்கு நடந்தால் அலைக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது எஞ்சின் சத்தம். திணைக்களக் காகிதங்களில் அதற்கு 'வெளியிணைப்பு இயந்திரம்' என்று பெயர். கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. படகின் பின்பலகையில் பூட்டி, வேலை முடிந்ததும் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற அந்தச் சாமானை எல்லோரும் 'எஞ்சின்' என்றுதான் சொல்கிறோம். எமக்கு அது சோறு போடும் பொருள். அமெரிக்காவில் அதே எஞ்சினைச் சின்னஞ்சிறு பலகைப் படகுகளில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிகளில் பந்தயம் ஓடும் ஒரு கூட்டம் நூறு வருடமாக இருக்கிறது. அவர்கள் சம்பளத்துக்கு ஓடுபவர்கள் அல்லர். தச்சர், கடைக்காரர், மெக்கானிக், மாணவர் என்று கைக்காசைப் போட்டு ஓடுபவர்கள்.

அவர்களுடைய வரலாற்றை நாம் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எமது பகுதிக் கழகங்கள் பலவற்றில் மூத்த அணி இருக்கிறது, ஜேசி இருக்கிறது, வெளியூரிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவரும் ஆட்டக்காரரும் இருக்கிறார். பதினேழு வயதுக்குக் கீழ் ஒரு அணி இறக்கச் சொன்னால் ஆள் இல்லை. 'இப்போதையப் பொடியன்மாருக்கு ஃபோன்தான் உலகம்' என்று சொல்லிவிட்டு நாம் எழும்பிப் போய்விடுகிறோம். படகுப் பந்தயக்காரர்களும் இதே பேச்சைத் தலைமுறை தலைமுறையாகப் பேசியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வரலாற்றைக் கோத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்த எஞ்சினை வைத்து ஓடுவது என்று தீர்மானித்த ஒவ்வொரு முறையும், அடுத்த வருடம் புதிதாக யார் வருவார் என்பதையும் அவர்கள் சேர்த்தே தீர்மானித்திருக்கிறார்கள். அநேக நேரங்களில் அது தெரியாமலே நடந்திருக்கிறது.

கதையின் தொடக்கத்தில் ஒலே எவின்ரூட் வருகிறார். 1877இல் நோர்வேயில் பிறந்து, சிறு பிள்ளையாக அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக்கு வந்தவர். 1906ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஏரிக்கரையில் நண்பர்களோடு இருந்தபோது, பின்னாளில் மனைவியான பெஸ் ஐஸ்கிறீம் கேட்க, ஒலே அக்கரைக்குத் துடுப்பு வலித்துப்போய் வாங்கிவர, அது உருகிப்போன கதையை அமெரிக்கர்கள் சலிக்காமல் சொல்வார்கள். அவர் செய்த முதல் எஞ்சினைப் பார்த்து, இது கோப்பி அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கிறதே என்று பெஸ் சொன்னாராம். எஞ்சினைப் படகின் வெளியே மாட்டும் யோசனை ஒலேக்கு மட்டும் வந்ததல்ல. கெமரன் வோட்டர்மன் என்பவர் அவருக்குச் சற்று முன்பே அப்படி ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சந்தையைப் பிடித்தது 1909இல் வந்த எவின்ரூட் எஞ்சின். ஒன்றரைக் குதிரைவலு, 62 இறாத்தல் நிறை, 62 டொலர் விலை. ஒலே ஒரு எஞ்சினை நண்பர் ஒருவருக்கு இரவல் கொடுத்தார் என்றும், அவர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பத்து எஞ்சினுக்கு ஓடரும் காசும் கொண்டுவந்தார் என்றும் சொல்லப்படுகிறது. இரவல் கொடுத்த இந்தக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

62 இறாத்தல் என்பது கிட்டத்தட்ட 28 கிலோ. வார்ப்பிரும்பு. அதைத் தூக்கிக்கொண்டு பந்தயத்துக்கு யார் போவார்? நிலைமையை மாற்றியது அலுமினியம். கம்பனியை விற்றுவிட்டு ஒதுங்கியிருந்த ஒலே, அலுமினியத்தில் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வரைந்து பழைய பங்காளியிடம் காட்ட, அவர் வேண்டாம் என்றார். ஒலே 1921இல் 'எல்டோ' என்ற பெயரில் தானே அதைச் செய்து விற்றார். அடுத்த வருடம் இந்தியானா மாநிலத்து ஜொன்சன் சகோதரர்கள் 35 இறாத்தல் எஞ்சின் ஒன்றை இறக்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நிறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. இருபதுகளின் நடுவில் ஜொன்சனின் ஆறு குதிரைவலு எஞ்சின் வந்தபோது இலேசான படகு மணிக்கு 16 மைல் ஓடியது. இன்றைக்கு அது ஒரு வேகமா என்று தோன்றும். ஆனால் அந்த வேகத்தில்தான் படகு தண்ணீரை உழுதுகொண்டு போவதை விட்டுவிட்டு, மூக்கைத் தூக்கித் தண்ணீருக்கு மேல் ஏறி வழுக்கத் தொடங்கும். அந்தக் கணத்தைக் கடலுக்குப் போகும் எம்மவர் எவரிடம் கேட்டாலும் சொல்வார். வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வரும். பந்தயம் பிறந்தது அந்தக் கூச்சத்தில்தான்.

1903இலேயே தொடங்கப்பட்ட அமெரிக்க விசைப்படகுச் சங்கம் அதுவரை பணக்காரர்களின் பெரிய படகுகளின் சங்கமாக இருந்தது. ஒரு எஞ்சினும் கொஞ்சம் பலகையும் இருந்தால் யாரும் பந்தயக்காரன் ஆகலாம் என்ற நிலை இருபதுகளின் பிற்பாதியில் வந்தது. எஞ்சின்களைக் கொள்ளளவைக் கொண்டு வகுப்புகளாகப் பிரித்தார்கள். மோட்டார் சைக்கிளை நாம் 100 சீசி, 125 சீசி என்று சொல்வது போலத்தான். 14 கன அங்குலம் வரை ஏ, 20 வரை பி, 30 வரை சி, 40 வரை டி, 60 வரை எஃப். பி வகுப்பை எமது கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 328 சீசி. சின்ன எஞ்சின்காரன் பெரிய எஞ்சின்காரனோடு மோதவேண்டியதில்லை என்பதால் ஆட்கள் குவிந்தார்கள். 1930 அளவில் வேகம் 50 மைலைத் தொட்டுவிட்டது. ஐந்தாறு வருடத்தில் மூன்று மடங்கு.

அந்த வேகம் கடையில் வாங்கிய எஞ்சினிலிருந்து வந்ததல்ல. சைலன்சரைக் கழற்றினார்கள். அமுக்கத்தைக் கூட்டினார்கள். பெற்றோலை விட்டு மெதனோலுக்கும் ஆமணக்கெண்ணெய்க்கும் போனார்கள். கம்பனிகளும் பந்தயத்துக்கென்றே தனி எஞ்சின்களைச் செய்தன. 1929இல் பங்குச்சந்தை விழுந்து நாடே முடங்கிய காலம் அது. அந்தக் காலத்தில் பந்தய எஞ்சின் என்பது மீன் பிடிக்கவோ குடும்பத்தோடு ஏரியில் சுற்றவோ உதவாத, காசைத் தின்னும் சாமானாக மாறிக்கொண்டிருந்தது. கம்பனிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இருந்தவர்கள் மட்டும் இருந்தார்கள். கெட்டிக்காரர்கள், சந்தேகமில்லை. ஜொன்சன் செய்த 'பி.ஆர்.' என்ற பந்தய எஞ்சினை, கம்பனி கைவிட்டுப் பல தசாப்தம் கடந்த பின்பும் பட்டறைகளில் உதிரிப்பாகம் வார்த்துவார்த்து ஓட்டினார்கள். கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது. ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பையனின் இடத்தில் நின்று பாருங்கள். பந்தயம் பார்க்கிறான், ஆசைப்படுகிறான், இந்த எஞ்சின் எங்கே வாங்கலாம் என்று கேட்கிறான். எங்கேயும் வாங்க முடியாது. யாராவது மௌத்தானால் அவர் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் பதிலோடு அவன் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து படை வீரர்கள் ஊர் திரும்பினார்கள். போர்க்காலத்தில் தேறிய, தண்ணீரில் பிரியாத ஒட்டுப்பலகை எல்லா மரக்கடைகளிலும் கிடைத்தது. சஞ்சிகைகள் படகு வரைபடங்களை அச்சிட்டன. கராஜில் சில வாரத்தில் ஒரு பந்தயப் படகை ஆணியடித்து முடித்துவிடலாம். இந்தச் சூழலில், நாற்பதுகளின் இறுதியில், சங்கம் ஒரு புதிய பிரிவைத் தொடங்கியது. நாம் இதை மொத்தக் கதையின் முக்கியமான திருப்பம் என்று நினைக்கிறோம். அதன் பெயர் 'ஸ்டொக் அவுட்போட்'. கடையில் இருப்பது போலவே ஓட்ட வேண்டும் என்பது அதன் விதி. சாதாரணப் பெற்றோலும் ஒயிலும்தான் எரிபொருள். துவாரங்களை அரம்போட்டுப் பெரிதாக்கக் கூடாது. பிஸ்டனைச் செதுக்கக் கூடாது.

விதி எழுதுவது சுலபம். அதைக் காப்பாற்றியது பந்தயம் முடிந்த பிறகு நடக்கும் ஒரு சடங்கு. முதலில் வந்தவர்கள் வெற்றிக் களிப்போடு நேரே வீட்டுக்குப் போக முடியாது. எஞ்சினைப் பரிசோதகரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அதைப் பிரித்துப் போடுவார்கள். கார்புரேட்டரின் துளை, சிலிண்டரின் விட்டம், துவாரங்களின் உயரம் எல்லாவற்றையும் அளவுகோல்கள் போட்டுப் பார்ப்பார்கள். அனுமதித்த அளவைத் தாண்டினால் வெற்றி பறிபோகும். படகையும் ஓட்டுநரையும் சேர்த்து நிறுத்துக் குறைந்தபட்ச நிறை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒல்லியானவர் ஈயக்கட்டி சுமந்தாவது அந்த நிறையைக் காட்ட வேண்டும். இந்தப் பரிசோதனை முதலாவதாக வந்தவரைச் சந்தேகிப்பதற்கு என்று மேலோட்டமாகத் தோன்றும். எமக்கு அது கடைசியாக வந்தவருக்காக வைத்த ஏற்பாடு என்று படுகிறது. முதல் வருடம் எட்டாவதாக வரும் புதியவர், முன்னால் போனவனும் என்னுடைய எஞ்சினைத்தான் வைத்திருக்கிறான், அவன் ஓட்டத் தெரிந்ததால் போகிறான் என்று நம்பினால் அடுத்த வாரமும் வருவார். அவன் ஏதோ செய்திருக்கிறான் என்று நினைத்துவிட்டால் வரமாட்டார். எமது சுற்றுப்போட்டிகளில் பிறப்புச் சான்றிதழ் பார்க்காமல் விடுகிற பெருந்தன்மை யாருக்கு நட்டம் என்று இந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. அது வேறு பதிவுக்கு.

ஸ்டொக் பிரிவு கிளம்பிய நேரமும் கார்ல் கீக்ஹேஃபர் என்ற மனிதர் கிளம்பிய நேரமும் ஒன்றாகிப் போனது. அவரும் விஸ்கொன்சின்காரர்தான். 1939 ஜனவரியில் சீடர்பேர்க் என்ற சிற்றூரில் நொடித்துப்போன ஒரு எஞ்சின் தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே, வாங்கியவர்கள் சரியில்லை என்று திருப்பியனுப்பிய சில நூறு எஞ்சின்கள் கிடந்தன. அவற்றைத் திருத்தி அதே வாடிக்கையாளருக்கு விற்றார். அந்தத் தொழிற்சாலைதான் மேர்க்கரி கம்பனி ஆனது.

1947இல் மேர்க்கரி 'லைட்னிங்' எஞ்சினை வெளியிட்டது. விளம்பரத்தில் பத்துக் குதிரைவலு என்று போட்டார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் இது பத்தில் நிற்கிற குதிரை இல்லை என்றார்கள். கொள்ளளவு 19.8 கன அங்குலம். பி வகுப்பின் எல்லை 20! பின்னால் வந்த நான்கு சிலிண்டர் 'தண்டர்போல்ட்' 39.6. டி வகுப்பின் எல்லை 40. தற்செயலா, கணக்கா என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம். சில வருடங்களில் ஸ்டொக் பந்தயம் என்றால் மேர்க்கரி என்றாகிவிட்டது. மற்ற எஞ்சினோடு வந்தவர் பின்னால்தான் வந்தார்.

இது நல்லதா, கெட்டதா? நல்லது என்று சொல்ல நியாயம் இருக்கிறது. எந்த எஞ்சினை வாங்குவது என்று புதியவர் மண்டையை உடைக்கத் தேவையில்லை. பக்கத்து ஊர்க் கடையில் போய் வாங்கலாம். பாகம் உடைந்தால் அங்கேயே கிடைக்கும். அருகில் நிற்பவரும் அதே எஞ்சின்காரர் என்பதால் கேட்டுப் பழகலாம். ஐம்பதுகளின் முற்பாதியில் ஸ்டொக் பந்தயங்கள் நிரம்பி வழிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். ஆனால் கடிவாளம் ஒரு கம்பனியின் கைக்குப் போய்விட்டது. மேர்க்கரி தன் எஞ்சின்களுக்குக் 'குவிக்சில்வர்' என்ற மெலிந்த பந்தயக் கீழ்ப்பாகத்தைப் பூட்டி விற்றது. நியூட்ரல் இல்லாத அந்த எஞ்சினால் மீன்பிடிக்கப் போக முடியாது. ஆனாலும் அது கடையில் விற்கும் சாமான், ஆகவே 'ஸ்டொக்'. சொல் அப்படியே இருந்தது, பொருள் மெல்ல நகர்ந்தது.

கீக்ஹேஃபரைப் பற்றி இடையில் ஒரு செய்தி. 1955இலும் 1956இலும் அவர் கார்ப் பந்தயத்தில் ஒரு அணியை இறக்கி, அமெரிக்காவின் நாஸ்கார் பட்டத்தை இரண்டு வருடமும் வென்றார். தொடர்ந்து வென்றதைப் பொறுக்காமல் பார்வையாளர்கள் அவருடைய கார்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். எஞ்சின் விற்க வந்தவருக்குக் கூச்சல் கட்டுப்படியாகாது, வெளியேறினார். எல்லாவற்றையும் ஒருவரே வெல்லும் பந்தயத்தைச் சனம் எவ்வளவு நாள் பார்க்கும்?

தண்ணீரிலும் அவருக்கு வேறு கணக்குகள் வந்தன. 1957இல் ஆறு சிலிண்டர் எஞ்சின் வந்தது. மறுவருடம் ஜூன் மாதம் சியாட்டில் நகரத்து வொஷிங்டன் ஏரியில் ஹியூபர்ட் என்ட்ரப் அத்தகைய மேர்க்கரி எஞ்சினோடு மணிக்கு 107.8 மைல் ஓடி, வெளியிணைப்பு எஞ்சினில் நூறைத் தாண்டினார். கம்பனியின் பார்வை பெரிய எஞ்சின்களுக்குப் போனது. சின்ன வகுப்புகளுக்கான பந்தய எஞ்சின்கள் உற்பத்தியிலிருந்து மறைந்தன. ஆனால் வகுப்புகள் மறையவில்லை. பி வகுப்பில் மேர்க்கரி '20எச்' எஞ்சினும், மினியாபொலிஸ் நகரத்துச் சம்பியன் கம்பனி செய்த 'ஹொட் ரொட்' எஞ்சினும் பல தசாப்தம் ஓடிக்கொண்டே இருந்தன. முப்பதுகளின் கதை திரும்பவும் வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அந்த விளையாட்டின் உண்மையான சண்டை இருக்கிறது. ஒரு பக்கம் இருபது முப்பது வருடமாக ஓடுபவர். கராஜில் நான்கு எஞ்சின், பெட்டி பெட்டியாக உதிரிப்பாகம், அந்த எஞ்சினுக்கென்றே தேர்ந்தெடுத்த ப்ரொப்பெல்லர்கள். அவருடைய இளமை முழுவதும் அதற்குள் இருக்கிறது. சங்கம் நாளைக்குப் புதிய எஞ்சினுக்கு மாறினால் எல்லாம் பழைய இரும்பு. மறுபக்கம் இன்னும் வராத புதியவர். அவர் கூட்டத்துக்கு வரமாட்டார், கைதூக்கி வாக்களிக்க மாட்டார், ஏனென்றால் அவர் இன்னும் உறுப்பினரே இல்லை. எந்தக் கழகத்திலும் இப்படித்தான். வராதவருக்கு வாக்கு இல்லை. அதனால் அவருக்காகப் பேசும் ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டியிருக்கிறது.

சமரசமாக அவர்கள் கண்டுபிடித்த வழி, புதிய எஞ்சினைப் பழையதன் வேகத்துக்குக் கட்டுவது. கார்புரேட்டருக்குப் பின்னால் துளையிட்ட தகடு ஒன்றை வைத்துக் காற்றைக் குறைப்பார்கள். அல்லது அந்த எஞ்சின்காரர் கூடுதல் நிறை சுமக்க வேண்டும் என்பார்கள். பழையவரின் எஞ்சின் குப்பைக்குப் போகாது, புதியவருக்கும் கிடைக்கிற எஞ்சின் உண்டு. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், தகட்டின் துளை ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் வருடக்கணக்கில் தகராறு. ஆனாலும் நாம் இதைக் குறை சொல்லமாட்டோம். இரண்டு தலைமுறையை ஒரே கோட்டில் நிறுத்துவதற்கு இதைவிட நேர்மையான வழி எமக்குத் தோன்றவில்லை.

கிடைக்கிற எஞ்சினுக்கு அவர்கள் கடைசியில் பார்த்த இடங்களில் ஒன்று ஜப்பான். இதைச் சொல்ல ஒரு சுற்று வரவேண்டும்.

போரில் நொறுங்கிய ஜப்பான் 1951இல் ஒரு சட்டம் இயற்றியது. படகுப் பந்தயத்தில் பந்தயம் கட்ட அனுமதித்து, அந்த வருமானத்தை உள்ளூராட்சி சபைகளுக்கும் கப்பல் கட்டும் தொழிலுக்கும் கொடுப்பது அதன் நோக்கம். 1952 ஏப்ரலில் நாகசாகி மாவட்டத்து ஒமுராவில் முதல் போட்டி நடந்தது. இன்றைக்கு 24 இடங்களில் நடக்கிறது. சூது எமக்கு ஹராம். அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் வரலாற்று மாணவராக அங்கே ஒன்றைக் கவனிக்கத்தான் வேண்டும். காசு கட்டுகிற சனம் ஏமாற்றப்படவில்லை என்று நம்ப வேண்டும் என்பதற்காக, எஞ்சின்களை ஓட்டுநர்கள் சொந்தமாக வைத்திருக்க அவர்கள் விடவில்லை. எஞ்சின்கள் அந்தந்தப் போட்டித் தளத்தின் சொத்து. யமாட்டோ என்ற ஒரே வகை எஞ்சின். எந்த ஓட்டுநருக்கு எந்த எஞ்சின் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில் ஓடுவதும் அங்கே வழமை.

எல்லாம் ஒரே தொழிற்சாலையில் ஒரே அச்சில் செய்தவைதானே, பிறகு சீட்டு எதற்கு? ஒரே அச்சில் செய்தாலும் எஞ்சின்கள் ஒன்று போல ஓடுவதில்லை. எந்த இலக்க எஞ்சின் எத்தனை தடவை முதல் இரண்டு இடத்துக்குள் வந்தது என்ற கணக்கை அங்கே வெளிப்படையாகப் போடுகிறார்கள். எஞ்சின் சமமானாலும் ப்ரொப்பெல்லர் மிச்சம் இருக்கும். ஓட்டுநர்கள் தத்தமது ப்ரொப்பெல்லரைச் சுத்தியலால் தட்டித்தட்டிச் செதுக்கிக் கொண்டுவருவது நீண்டகால வழக்கம். 2012இல் அதையும் நிறுத்தி, ப்ரொப்பெல்லரும் தளத்தின் சொத்து என்றாக்கினார்கள். அமெரிக்கப் புதியவர் அடி வாங்குவதும் இதே இடத்தில்தான். எஞ்சின் ஒன்றுதான். ஆனால் பழையவரின் பெட்டியில் இருபது ப்ரொப்பெல்லர், இவரிடம் ஒன்று. எஞ்சின் விலையை மட்டும் சொல்லிப் புதியவரை அழைத்துவந்தால், இரண்டாவது மாதத்தில் அவருக்குக் கசப்பு வரும்.

ஜப்பானில் இந்த எஞ்சின்களை ஏறத்தாழ ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாற்றிவிடுவார்கள். கழித்த எஞ்சின்கள் இன்னும் பல வருடம் ஓடக்கூடியவை. அவற்றில் ஒரு தொகை கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சி வகுப்பு ஸ்டொக் பந்தயமும் இன்னும் சில வகுப்புகளும் யமாட்டோவால் உயிர்பிடித்தன. ஐரோப்பாவில் 400 சீசி யமாட்டோவுக்கென்றே 'ஓ.எஸ்.வை. 400' என்று ஒரு சர்வதேச வகுப்பு உண்டு. அமெரிக்கர்கள் எதிர்பார்த்திராத பலன்தான். போட்டித் தளங்களுக்காக நிறைய எஞ்சின் செய்யப்பட்டதால் பாகம் கிடைத்தது. ஒரே மாதிரி செய்யப்பட்டதால் வாங்கியவர் நம்பி ஓடினார்.

சிறுவர்களிடம் வருவோம். அமெரிக்கச் சங்கத்தில் 'ஜே' என்ற வகுப்பு ஒன்பது வயதிலிருந்து பதினைந்து வரையானவர்களுக்கு. நாம் மேலே சொன்ன துளைத்தகடு இங்கேயும் வருகிறது. எஞ்சினின் மூச்சைக் குறைத்து, பிள்ளை தாங்கும் வேகத்துக்குக் கொண்டுவருவதற்கு. ஐரோப்பாவில் 'ஜி.டி. 15' வகுப்பில் பிள்ளைகள் ஓட்டுவது 15 குதிரைவலு எஞ்சின். எமது கரையில் ஒரு வள்ளத்துக்குப் பூட்டுகிற அளவு. பிள்ளை வளர்ந்து 30 குதிரைவலு வகுப்புக்குப் போகும்போது இந்த எஞ்சின் விற்பனைக்கு வரும், அடுத்த பிள்ளை வாங்கும். தகப்பன்மாருக்கு இது பெரிய ஆறுதல். நூறு வருடத்துக்கு முன் ஒலே செய்தது போலவே இரவல் படகு கொடுத்து ஓட்டிப் பழக்குகிற கழகங்களும் இருக்கின்றன. விளம்பரம் எவ்வளவு போட்டாலும், தண்ணீரில் ஒரு தடவை அந்த வயிற்றுக் கூச்சத்தை அனுபவித்த பையனைப் போல நிரந்தர உறுப்பினர் கிடைக்கமாட்டார்.

பிள்ளைகளை எப்படித் துணிந்து அனுப்புகிறார்கள் என்று உம்மாமார் கேட்பீர்கள். ஹெல்மெட், உயிர்காப்பு அங்கி, ப்ரொப்பெல்லர் வெட்டாதிருக்கக் கெவ்லார் துணியில் கைகால் உறை. வேகக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தால்தான் வேகம். கை விட்டால் தானாகக் குறையும். ஓட்டுநரின் உடலோடு கட்டிய ஒரு கயிறு எஞ்சினின் சுவிட்சுக்குப் போகிறது. தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும். இந்தக் கயிறு இல்லாமல் பந்தயத்துக்கு விடமாட்டார்கள். எமது கரையில் புதிய எஞ்சின் வாங்கும்போதும் இதே சுருள் கயிறு பெட்டியில் வருகிறது. எத்தனை பேர் கையில் மாட்டுகிறோம்? தனியாகக் கடலுக்குப் போகிற ஒருவர் தவறி விழுந்தால், படகு அவரை விட்டுவிட்டுப் போய்விடும், அல்லது வட்டமடித்து அவர் மேலேயே வரும். பந்தயத்தைப் பற்றி வாசித்து முடித்துவிட்டு இந்த ஒன்றையாவது வீட்டில் சொல்லுங்கள்.

கடைசியாக, எஞ்சின் தெரிவை இன்னும் சிக்கலாக்கிய ஒரு மாற்றம். இதுவரை சொன்ன பந்தய எஞ்சின்கள் எல்லாமே டூ ஸ்ட்ரோக். ஒயில் கலந்த பெற்றோலைக் குடித்து, ஒரு பகுதியை எரிக்காமலே தண்ணீரில் துப்புபவை. 1996இல் அமெரிக்கச் சுற்றாடல் அதிகாரசபை புகைக்கு எல்லை போட்டு, 2006 வரை படிப்படியாக இறுக்கியது. கார்புரேட்டர் வைத்த பழைய வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் அந்நாட்டுக் கடைகளிலிருந்து மெல்ல விலகின. எவின்ரூட், ஜொன்சன் இரண்டையும் செய்துவந்த கம்பனி 2000 டிசம்பரில் வங்குரோத்தானது. புதிய உரிமையாளரின் கையில் இருந்த எவின்ரூட் பெயரும் 2020இல் உற்பத்தியிலிருந்து நின்றுபோனது. கடையில் இப்போது இருப்பது ஃபோர் ஸ்ட்ரோக். எரிபொருள் மிச்சம், சத்தம் குறைவு, ஆனால் பாரம் கூட. ஒட்டுப்பலகையில் செய்த பத்தடிப் படகின் பின்பலகைக்கு அந்தப் பாரம் ஒத்துவராது. படகையே மாற்ற வேண்டும். சில வகுப்புகள் மாறிவிட்டன. 'எஃப் 4' என்ற சர்வதேச வகுப்பில் 60 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினை அப்படியே பூட்டி ஓடுகிறார்கள். மற்ற வகுப்புகளில் பழைய எஞ்சின்காரரும் புதிய எஞ்சின்காரரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் வாக்கு இல்லாத அந்தப் பையனுக்காக யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் அது முடியும்.

நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பா, அப்பா காலத்து எஞ்சின் எதுவும் மீன்வாடியிலோ வீட்டுக் கொல்லையிலோ இன்னும் கிடக்கிறதா? ஜொன்சன், எவின்ரூட், சீகல், எதுவாக இருந்தாலும் சரி, துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். எந்த வருடம், யார் வாங்கியது, எந்தத் தோணிக்குப் பூட்டியது என்றும் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த தவணை தொடங்கியதும் மாணவர்களோடு வந்து பார்க்கிறோம், இன்ஷா அல்லாஹ்.